மூணாவது போஸ்டரும் பூட்டின வீடுகளும்

...அதுக்குன்னு அஞ்சு தடவையா தம்பி பெல் அடிக்க வைக்கறது? ஒரு தடவை அடிச்சா திறக்கணும். ரெண்டாவது தடவை அடிச்சா 'யாரு'ன்னாவது ஒரு குரல் குடுக்கணும். உள்ள ஆள் இருக்கறது நல்லாவே கேக்குது. நாற்காலி உருள்ற சத்தம் கேக்குது, "இடது பக்கம் வாடா, இடது பக்கம் வாடா"ன்னு நீங்க யாரையோ அதட்டறது கேக்குது. எங்க பெல் சத்தம் மட்டும் உங்களுக்குக் கேக்காது. சரி, காதுல அதை மாட்டிட்டு இருந்தா எப்படிக் கேக்கும்? இப்ப கழுத்துல தொங்குதே, அதைத்தான் சொல்றேன். கழட்ட வேண்டாம், இருக்கட்டும்.

கூரியர் இல்ல தம்பி. கூரியர்னு நினைச்சுத்தானே திறந்தீங்க? முகம் விழுந்ததுலயே தெரிஞ்சுது. எல்லா வீட்லயும் அப்படித்தான் விழுது, நான் தப்பா நினைக்கறதில்ல. நான் மூணாவது மாடி. லிஃப்ட்ல பார்த்திருப்பீங்க... கண்ணாடி, கையில பரீட்சை அட்டை, அட்டையில கிளிப்பு. பார்த்ததில்லையா? நான் உங்களைப் பார்த்திருக்கேன்.

கதவை இன்னும் கொஞ்சம் திறங்களேன். சங்கிலி போட்ட கதவு வழியா பாதி போஸ்டர்தான் தெரியும். பாதி போஸ்டரைப் பார்த்துட்டுச் சொன்ன பதில் செல்லாது. ஆங், போதும். உள்ள கூப்பிடுங்கன்னு கேக்கல. வாசல்ல நின்னே பேசிப் பழக்கம் எனக்கு. முப்பத்தொரு வருஷம் புள்ளிவிவர ஆபீஸ்ல இருந்தேன். வீடு வீடாப் போய் கணக்கெடுக்கறதுதான் வேலை. நாய் துரத்தியிருக்கு, தண்ணி ஊத்தியிருக்காங்க, ஒரு வீட்ல நான் பொண்ணு பார்க்க வந்திருக்கேன்னு நினைச்சு நாற்காலி எல்லாம் போட்டாங்க. எதுக்கும் அசந்ததில்ல. ரெண்டே நிமிஷம் தம்பி. ஒரு சர்வே.

அரசாங்க சர்வே இல்ல. எங்க வீட்டு சர்வே. என் மருமகளோடது.

இருங்க, போன் அடிக்குது... அவதான். அடிக்கட்டும். எடுத்தா எங்க இருக்கேன்னு கேப்பா, நான் பொய் சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வராது, அதான் எடுக்கல.

என் மருமக கேம் பண்றா. நீங்க விளையாடறீங்களே, அந்த மாதிரி. ஆனா பெரிய கம்பெனி எல்லாம் இல்ல. படம் போடறது அவ, கதை எழுதறது அவ, அதுக்குள்ள மழை பெய்யற சத்தம் வரணும்னா பாத்ரூம் குழாயைத் திறந்து வெச்சுட்டு மைக் பிடிக்கறதும் அவதான். இப்படித் தனி ஆளா, ரெண்டு பேரா சேர்ந்து பண்ற கேமுக்கு இண்டின்னு ஒரு பேர் இருக்காம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாலு வருஷமா பண்றா. என் பையன் வெளியூர் வேலை, வாரத்துல ஒரு நாள் வர்றான், வந்து தூங்கறான். மத்த ஆறு நாளும் அந்த வீட்ல நான், அவ, அவளோட அந்த நாற்காலி. அந்த நாற்காலி கீச்சுங்கும் பாருங்க, நாலு வருஷமா எண்ணெய் விடச் சொல்றேன். விடமாட்டா. அந்த கீச்சு சத்தத்தையும் கேமுக்குள்ள போட்டிருக்காளாம். இப்ப எண்ணெய் விட்டா ரெண்டும் ஒத்துப்போகாதாம்.

கேம் என்னன்னு கேக்கறீங்க, அதானே? கேளுங்க. ஒரு பஸ் ஸ்டாண்டு. அதுல தொலைஞ்ச சாமான் ஆபீஸ். நாம அங்க கிளார்க்கு. யாராவது வந்து குடையைத் தொலைச்சிட்டேன்னுவாங்க. நாம கேள்வி கேக்கணும். எந்த பஸ்ஸு, எந்த சீட்டு, பிடி வளைஞ்சதா நேரா. கேட்டுக் கேட்டு, அலமாரியில இருக்கற நாப்பது குடையில எது அவங்களோடதுன்னு கண்டுபிடிச்சுக் குடுக்கணும். அவ்வளவுதான். சுடறதில்ல, ஓடறதில்ல, குதிக்கறதில்ல. நான் சொன்னேன், "ஏம்மா, இதைத்தான் நான் முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கிட்டுப் பண்ணேன், இதைப் போய் யாரு சும்மா உக்காந்து பண்ணுவா?"ன்னு. சிரிச்சுட்டே போயிட்டா.

அப்புறம் நான் விளையாடிப் பார்த்தேன். குத்தம் கண்டுபிடிக்கத்தான். அந்த ஆபீஸ் ரெஜிஸ்டர்ல வரிசை எண்ணே கிடையாது தம்பி! தேதி இருக்கு, சாமான் பேர் இருக்கு, வரிசை எண் இல்ல. வரிசை எண் இல்லாம உலகத்துல எந்த ஆபீஸ் நடக்கும்? சொன்னேன். மறுநாள் பார்த்தா போட்டிருக்கா. அலமாரிக்கு நம்பர் இல்லைன்னேன், போட்டுட்டா. வாங்கிட்டுப் போறவங்க கையெழுத்துப் போடணும்னேன், அதுக்கு மட்டும் ஒம்பது நாள் ஆச்சு. போட்டுட்டா. பிடிவாதக்காரின்னு நினைச்சா இதுல எல்லாம் சொன்ன பேச்சு கேக்கறா. ஒரே ஒரு விஷயத்துல நான் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டா. அதைத்தான் சொல்ல வர்றேன்.

காலை மாத்தி மாத்தி நிக்கறீங்களே, பாத்ரூம் போகணும்னா போயிட்டு வாங்க. இல்லையா? சரி.

போஸ்டர். இந்த மாதிரி கேம் பண்றவங்க எல்லாம் சேர்ந்து பெரிய ஹால் பிடிச்சு கண்காட்சி மாதிரி நடத்தறாங்க. ஆளுக்கு ஒரு மேசை, மேசை மேல கம்ப்யூட்டர், பின்னால ஒரு போஸ்டர். அந்த வழியா போறவங்க போஸ்டரைப் பார்த்துத்தான் உக்காரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்களாம். அஞ்சு நொடிதான் பார்ப்பாங்களாம். அஞ்சு நொடியில என்னால கண்ணாடியையே துடைச்சுப் போட முடியாது, அது வேற விஷயம். மருமக மூணு போஸ்டர் வரைஞ்சா. இதோ... ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்பவே பதில் சொல்லாதீங்க. நான் இன்னும் கேக்கல.

இதுல அவளுக்குப் பிடிச்சது மூணாவது. எனக்கு மூணாவது பிடிக்கல. ஏன்னு அப்புறம் சொல்றேன். "நம்ம ரெண்டு பேர் அபிப்பிராயம் எதுக்கு, சர்வே எடுத்துடலாம்"னேன். அவளும் சந்தோஷமா தலையாட்டினா. "நல்ல யோசனை அத்தை, விளையாடறவங்ககிட்ட மட்டும் கேட்டுட்டு வாங்க போதும்"னா. விளையாடறவங்ககிட்ட மட்டும்! ஒரு வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போக எனக்குக் கால் வராது தம்பி. பழக்கம் அப்படி. இந்தக் கட்டடத்துல ரெண்டு பிளாக், இருநூத்திப் பதினாலு வீடு. இருநூத்திப் பதினாலையும் எடுத்தேன். படிவம் நானே தயார் பண்ணேன். வயசு, தொழில், கேம் விளையாடுவீங்களா... தினமும், எப்பவாவது, இல்லவே இல்ல. மூணு போஸ்டர்ல எது பார்த்தா விளையாடத் தோணுது. கையெழுத்து. எல்லாம் ஒரே பக்கத்துல. ஒரு பக்கத்துக்கு மேல போனா ஜனங்க படிக்க மாட்டாங்க.

ஜனங்களைச் சொல்லணும்... எட்டாவது மாடியில பல் டாக்டர் இருக்காரே, அவர் ஒண்ணாவது போஸ்டர்ல இருக்கற பொண்ணோட பல் வரிசை சரியில்லைன்னு அரை மணி நேரம் பேசினார். கடைசியில ஒண்ணாவதுக்கே டிக் போட்டார். சிகிச்சை பண்ணா சரியாயிடும்னார். ஆறாவது மாடியில புருஷன் ஒண்ணுங்கறார், பொண்டாட்டி ரெண்டுங்கறா. ஒரு வீட்டுக்கு ஒரு படிவம்தான்னு சொல்லிட்டேன். மறுபடி நான் போனப்ப அவர் தனியா சாப்பிட்டுட்டு இருந்தார். பி பிளாக்ல ஒரு பெரியவர், மூணும் வேண்டாம், நாலாவது இருந்தா கொண்டு வாங்கன்னார். துணிக்கடையில உக்காந்த மாதிரி.

மறுபடி போன். அடிச்சுட்டு நிக்கட்டும்.

நிஜமா கேம் விளையாடறவங்க அதுல எத்தனை பேருன்னு நினைக்கறீங்க? கதவைத் திறந்து எனக்குப் பதில் சொன்னவங்கள்ல தினமும் விளையாடறேன்னவங்க மூணே பேர். அதுல ஒருத்தர் போன்ல சீட்டு விளையாடற ரிட்டையர்டு ஆளு. விளையாடறவங்க யாரும் கதவைத் திறக்கறதில்ல தம்பி. இப்ப உங்களையே எடுத்துக்கோங்க. நான் உங்க வீட்டுக்கு வர்றது இது முதல் தடவை இல்ல. போன மாசம் மூணு தடவை வந்தேன். காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. மூணு வேளையும் மாத்தி மாத்திப் போகணும், அதுதான் முறை. மூணு தடவையும் திறக்கல. இப்படி நாப்பத்தியொரு வீடு.

நாப்பத்தியொரு வீட்டை காலியா விட முடியுமா? எங்க ஆபீஸ்ல அதுக்கு வழி இருக்கு. மூணு தடவை போயும் பூட்டியிருந்தா, பக்கத்து வீட்ல விசாரிச்சு எழுதிக்கலாம். எத்தனை பேர் இருக்காங்க, என்ன வேலை, கூரை ஓடா தளமா... பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியாததா? எழுதி, தகவல் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர்னு ஒரு கட்டத்துல குறிச்சுடணும்.

என் படிவத்துல அந்தக் கட்டம் இல்ல. ஒரு பக்கத்துக்குள்ள அடக்கணும்னு எடுத்துட்டேன்.

என்ன சிரிக்கறீங்க? இன்னும் சொல்லவே இல்ல நான்.

ஆமா, எழுதினேன். உங்களுக்கும் எழுதினேன். உங்க எதிர்வீட்டம்மாகிட்ட கேட்டு. பார்க்கணுமா? பார்க்கலாமே, உங்க படிவம்தானே. இதோ இருக்கு, வீட்டு நம்பர் பதினொண்ணு நாலு. வயசு இருபத்தி ரெண்டு. இல்லையா? முப்பத்தி ஆறா! பார்த்தாத் தெரியல. சரி, திருத்திக்கறேன். தொழில்... 'தெரியல, பெட்டி பெட்டியா கூரியர் வருது'ன்னு எழுதியிருக்கேன். அவங்க சொன்னதை அப்படியே எழுதணும், நம்ம கைச்சரக்கு சேர்க்கக் கூடாது. கேம் விளையாடுவாரா? 'தினமும், தொண்டை கிழிய.' இதைச் சொல்றப்ப அவங்க கதவைச் சாத்திட்டு, குரலைத் தாழ்த்தி, என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்க மேல நிறைய வருத்தம் இருக்கு தம்பி அவங்களுக்கு. அதைத் தனியா ஒரு நாள் பேசித் தீர்த்துக்கோங்க. எது பார்த்தா விளையாடத் தோணும்? 'ஒண்ணாவது.' அவங்கதான் சொன்னாங்க. "அந்தப் பையனுக்கு இந்த மாதிரி லட்சணமா ஏதாவது பார்த்தா புத்தி வரும்"னாங்க. நான் ஒண்ணாவதுன்னு எழுதிட்டேன்.

கையெழுத்து... அது நான்தான் போட்டேன். உங்க கையெழுத்து மாதிரி போடல. சும்மா ஒரு கோடு.

இதே கதைதான் எல்லா வீட்லயும். நாப்பத்தியொண்ணுல ஏழு வீடு நிஜமாவே ஊர்ல இல்ல. மிச்சம் முப்பத்தி நாலும் உங்கள மாதிரி. உள்ளதான் இருக்காங்க, காதுல மாட்டிட்டு இருக்காங்க. பக்கத்து வீட்ல கேட்டா ஒரே குரல்ல சொல்றாங்க, தினமும் விளையாடறான், எப்பவும் விளையாடறான், வேற வேலையே இல்ல. போஸ்டர் எதும்மான்னா ஒண்ணாவது, ஒண்ணாவது, ஒண்ணாவது. நான் பாட்டுக்கு எழுதி, அடுக்கி, நூல் போட்டுக் கட்டி மருமக கையில குடுத்துட்டேன்.

அவ அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினா. ராத்திரி பகல்னு பார்க்காம ஏத்தினா. ஏத்திட்டு, தினமும் விளையாடறவங்களை மட்டும் தனியாப் பிரிச்சா. முப்பத்தேழு பேர். அந்த முப்பத்தேழுல முப்பத்தி மூணு பேருக்கு ஒண்ணாவதுதான் பிடிச்சிருக்குன்னு வந்துது. "விளையாடறவங்களே சொல்றாங்க அத்தை. நான்தான் தப்பா நினைச்சிருக்கேன் போல"ன்னா. அவ்வளவு வருஷமா தன் கண்ணை நம்பி வரைஞ்சவ, ஒரு நிமிஷத்துல என் படிவத்தை நம்பிட்டா. எனக்கு உள்ளுக்குள்ள பெருமை. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல என் கணக்கை யாரும் அவ்வளவு மரியாதையாப் பார்த்ததில்ல.

ஒண்ணாவது போஸ்டரை எடுத்துட்டுப் போனா. பாருங்க அதை. சூரியன், பச்சைப் புல்லு, ஒரு பொண்ணு குடையை விரிச்சுட்டு வாயெல்லாம் பல்லா நிக்குது. ரெண்டு நாள் கண்காட்சி. நானும் போயிருந்தேன், டப்பா தூக்க. சுத்தி எல்லா மேசையிலயும் கூட்டம். எங்க மேசையில நாங்க ரெண்டு பேர் ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கோம். மூணு பேர் வந்து இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எப்ப வருவார்னு கேட்டாங்க. ஒருத்தர் சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு உக்காந்தார், இங்க பிரஷர் பார்க்கறாங்கன்னு யாரோ சொன்னாங்களாம். ரெண்டு நாள்ல கேமை விளையாடினது பதினோரு பேர். அதுல ரெண்டு பேர் கால் வலிக்குதுன்னு உக்காந்தவங்க.

திரும்பி வந்தோம். வீட்டு வாசல்ல சாவி போடறப்ப சொன்னா, "போஸ்டர் சரியாத்தான் அத்தை இருந்துது, சர்வேயிலயே தெரிஞ்சுதே. அப்ப கேம்தான் சரியில்ல. யாருக்கும் இது வேண்டாம்". சாதாரணமாத்தான் சொன்னா. அழுதிருந்தாக்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அதுக்கப்புறம் அந்த நாற்காலி கீச்சுங்கல தம்பி. அவ அதுல உக்காரவே இல்ல.

எனக்கு எப்போ தெரிஞ்சுதுன்னா... மூணாவது போஸ்டர் வீட்ல சும்மா கிடந்துது. நல்ல கெட்டிக் காகிதம், அலமாரித் தட்டுல விரிக்கலாம்னு சுருட்டி, அளவுக்கு வெட்டிட்டு வர கீழ பிரிண்ட் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். லிஃப்ட்ல அஞ்சாவது மாடிப் பையன், தாடி வெச்சிருப்பானே அவன், எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, இது என்ன கேம்? சூப்பரா இருக்கே, எங்க கிடைக்கும்?"னு கேட்டான். நான் சொன்னேன், "ஏம்பா, போன மாசம்தானே இதை வேண்டாம்னு ஒண்ணாவதுக்குப் போட்ட"ன்னு. "நான் எப்ப போட்டேன்?"னான்.

நான் எப்ப போட்டேன்னு கேட்டான் தம்பி. லிஃப்ட் கீழ போய் திறந்து, மூடி, மறுபடி மேல வந்துடுச்சு, நான் இறங்கவே இல்ல. அலமாரிக்கு விரிக்கல. இதோ, இந்த ஓரத்துல மடிப்பு தெரியுதே, அது அன்னிக்கு என் கை பட்டதுதான்.

இன்னியோட பத்து நாள் ஆச்சு. இந்த முப்பத்தி நாலு வீட்டுக்கும் மறுபடி போயிட்டு இருக்கேன். இந்தத் தடவை பக்கத்து வீட்ல கேக்கறதில்லைன்னு வெச்சிருக்கேன். திறக்கற வரைக்கும் நிக்கறேன். ஒரு வீட்ல ஒண்ணரை மணி நேரம் நின்னேன், கடைசியில அவன் குப்பை போடத் திறந்தான். மருமககிட்ட நடைப்பயிற்சின்னு சொல்லியிருக்கேன். டாக்டர் சொன்னாராம்னு சேர்த்துக்கிட்டேன். பொய் சொல்ல வராதுன்னேனே... பத்து நாளா வருது.

நீங்க முப்பத்தி நாலாவது ஆளு. கடைசி வீடு. அதான் உங்க பெல்லை அந்த அமுத்து அமுத்தினேன். சரி, கேள்விக்கு வரலாமா? கேம் விளையாடுவீங்களா... அது தெரிஞ்சதுதான். இந்த மூணுல எது பார்த்தா...

இருங்க, இருங்க! நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள விரலை நீட்டக் கூடாது. அந்த ஒண்ணாவதைக் கொஞ்சம் பாருங்க. நல்ல வெளிச்சமா இருக்கு. ரெண்டாவதுல மழை, பெரிய எழுத்து. பார்த்தாச்சா? மூணாவதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுல என்ன இருக்கு, ஒரு கவுன்ட்டர், பின்னால கூரை வரைக்கும் குடையா அடுக்கின அலமாரி, அதைப் பார்த்துட்டு ஒரு பொம்பளை உக்காந்திருக்கா. முதுகு மட்டும்தான் தெரியுது. மூஞ்சியே இல்ல. முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தா யாரு வருவா?

என்ன சொல்றீங்க, மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன். 'அந்த அம்மா... திரும்பினா... நம்ம சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுப்பாங்கன்னு தோணுது.' சரி. எழுதிட்டேன்.

வீட்ல எல்லாரும் அந்த முதுகு என்னோடதுங்கறாங்க தம்பி. என் பையன் பார்த்ததும், "அம்மா, நீ ஆபீஸ்ல உக்காந்திருக்க"ன்னான். அவகிட்ட கேட்டேன். "ஆமா அத்தை, உங்களைப் பார்த்துத்தான் வரைஞ்சேன், நீங்க சாப்பாட்டு மேசையில கணக்கு எழுதறப்ப"ன்னா. எனக்குச் சொல்லாமயே. அந்தக் கொண்டை, அந்த ஸ்வெட்டர், ஸ்வெட்டர்ல முழங்கை தேஞ்சிருக்கறது... அதையும் போட்டிருக்கா பாருங்க. இவ்வளவு அகலமாவா இருக்கேன் நான்? ஊர் பூரா இதை ஒட்டுவாங்களேன்னு எனக்குக் கூச்சமாப் போச்சு. வேண்டாம்னு வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னா எடுத்திருப்பா. ஆனா முதுகு குண்டா தெரியுதுன்னு ஒரு ரிட்டையர்டு புள்ளிவிவர ஆய்வாளர் எப்படிச் சொல்றது? அதான் சர்வே. இருநூத்திப் பதினாலு வீடு ஏறி இறங்கினது அதுக்குத்தான். பூட்டின வீடா இருந்தா பக்கத்துல கேட்டு எழுதினதும் அதுக்குத்தான். ஒண்ணாவதுன்னு பதில் வர வர எனக்குக் கை சுறுசுறுப்பா எழுதிச்சு. விதிமுறை, விதிமுறைன்னு உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசினேனே... அதெல்லாம் பூசி மெழுகறது. ஒரு போஸ்டரைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால பார்க்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?

போன் உங்களோடதா? கூரியரா? கேட்ல நிக்கறாரா? போங்க போங்க, போய் வாங்கிக்கோங்க. ஒரே ஒரு கையெழுத்து, இங்க. உங்க கையால. நன்றி.

இருங்க, லிஃப்ட்டுக்கு நானும் வர்றேன். மூணாவது மாடி அமுத்துங்க. உங்களுக்கு முன்னாடி முப்பத்தி மூணு பேர்ல இருபத்தெட்டு பேர் மூணாவது போஸ்டர்தான் சொன்னாங்க. உங்களோட இருபத்தொம்பது. உங்க கதவு முன்னாடி இவ்வளவு நேரம் நின்னது உங்களுக்காகன்னு நினைச்சீங்களா? நீங்க முதல் நிமிஷத்துலயே மூணாவதைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க, நான் கவனிச்சேன். இது முடிஞ்சா நான் வீட்டுக்குப் போகணும். போனா சொல்லணும். அதான்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு கண்காட்சி இருக்கு. மேசை வேணுமா வேண்டாமான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதணும். வேண்டாம்னு எழுதி வெச்சுட்டா. காலையில நான் அவ தோளுக்குப் பின்னால நின்னு படிச்சேன். அனுப்பிடவான்னு கேட்டா. சாப்பிட்டுட்டு அனுப்பேன்னேன். சாப்பிட்டதும், கொஞ்சம் படுத்துட்டு அனுப்பேன்னேன். அப்புறம் நடைப்பயிற்சின்னு கிளம்பி இங்க வந்துட்டேன். மணி என்ன? நாலே காலா? இந்த லிஃப்ட் ஏன் தம்பி ஒவ்வொரு மாடியிலயும் நிக்குது... யாருமே ஏறல. நாலாவது மாடியில எப்பவும் இப்படித்தான், சும்மா திறந்து சும்மா மூடும்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. எழுதிக் குடுத்துடலாமான்னு யோசிச்சேன். எழுதறதுதான் எனக்கு வரும். பயமா இருக்கு தம்பி. அவ கத்தினா பரவால்ல. "பரவால்ல அத்தை"ன்னு சொல்லிடுவாளோன்னுதான் பயமா இருக்கு. மூணு வந்துடுச்சா...

அம்மாடி. நீ ஏன் வாசல்ல நிக்கற? என்னைத் தேடியா? ஒண்ணுமில்ல, இவர் பதினொண்ணு நாலு. போயிட்டாரா? சரி, அவருக்குக் கூரியர்.

போனை எடுக்கல, ஆமா. வேணும்னுதான் எடுக்கல. அனுப்பிட்டியா அதை? அனுப்பலையே? அனுப்பாத. உள்ள போக வேண்டாம், இங்கயே சொல்றேன், வாசல்லதான் எனக்குப் பேச வரும். அந்த முப்பத்தேழு பேர்ல முப்பத்தி நாலு பேரை நான் பார்க்கவே இல்ல. பக்கத்து வீட்ல கேட்டு நானே எழுதினேன். கையெழுத்து நான் போட்டேன். உன் கேம்ல ஒரு குறையும் இல்ல. என் படிவம்தான் பொய்யி. இப்ப போய்க் கேட்டுட்டு வந்திருக்கேன், ஆளாளுக்கு நேர்ல, அவங்கவங்க கையால. இந்தா. முப்பத்தி நாலுல இருபத்தொம்பது. என்னன்னு கேட்டு ஓரத்துல எழுதியிருக்கேன், படி. எங்க கிடைக்கும்னு பத்தொம்பது பேர் கேட்டிருக்காங்க, அவங்க நம்பர் பின்பக்கம் இருக்கு.

படிச்சியாம்மா? திட்டணும்னா திட்டு. ஏன் பேனாவை வாங்கற? புதுப் படிவம் எதுக்கு? எனக்கா? என்கிட்ட எதுக்கும்மா கேக்கற, நான் விளையாடற ஆளா... ஆமா, விளையாடறேன். நீ தூங்கினப்புறம். தினமும்தான். நூத்திப் பதினாறு குடை குடுத்திருக்கேன். வயசு அறுபத்தி நாலு. தொழில் ரிட்டையர்டு. எது பார்த்தா விளையாடத் தோணுதுன்னா...

மூணாவது. யாரையும் கேக்க வேண்டாம், நானே சொல்றேன். எழுதிக்கோ.